வாப்பா போகாத மாவட்டம்

இலங்கையில் மாவட்டங்கள் இருபத்தைந்து. என் தங்கையின் கணவர் ஸெய்னுதீன் அதில் இருபத்துநான்கில் லொறி ஓட்டியவர். இதை ஊர் முழுக்க அறிவித்தவள் அவருடைய ஒரே மகள் அம்ரா. கடைக்குப் போனால் கடைக்காரரிடம் சொல்வாள். கரண்ட் மீட்டர் வாசிக்க வந்த மனிதரை வாசலில் மறித்து வைத்துச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

"எங்கட வாப்பா மொனறாகலைக்கு மட்டுந்தான் போகல்ல. மத்த எல்லாத்துக்கும் போயிருக்கார்."

"அப்ப அதையும் ஒருக்காப் பாத்திட்டு வரச் சொல்லுங்க மகள்" என்று அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போனார்.

மொனறாகலைக்கு அவர் போயிருக்கிறார். போகாமல் இருந்திருக்கக் கூடாதா என்று தொழுகைப் பாயில் இருந்து அழுத மனிதர் அவர். எனக்குத் தெரியும், என் தங்கை றிஷானாவுக்குத் தெரியும், அவரோடு லொறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

நான் சுபைதா. கிண்ணியாவில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் கதைப்பார்கள். கதைக்கட்டும், நீளமான வாய்க்கும் சில இடங்களில் வேலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று துருவித் துருவிப் பார்ப்போம். எங்கள் வாப்பா அப்போது உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார். துருவுகிற வேலை மூத்தவளான என் தலையில் விழுந்தது.

லொறி ஓட்டுகிறவர் என்றதும் எனக்கு மனம் வரவில்லை. மாதத்தில் இருபது நாள் றோட்டில் கிடக்கிறவனுக்கு எதற்குப் பெண்சாதி என்று கேட்டேன். அவர் காதுபடவே கேட்டேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவர் தேத்தண்ணீரைத் தொடாமல், என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்.

"லாத்தா, முதல்ல ஒரு விசயம் சொல்லோணும். கேட்டுப்போட்டு ஓமெண்டா ஓம், ஏலாதெண்டா ஏலாது. நான் ஒரு மனுசன மௌத்தாக்கினவன்" என்றார்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு, 2012-இல், சீனக்குடாவில் சீமெந்து ஏற்றிக்கொண்டு மொனறாகலை மாவட்டத்துக்குப் போயிருக்கிறார். பிபிலையைத் தாண்டிய இடம், காலை ஏழு மணி. கைபேசி ஆசனத்துக்குக் கீழே விழுந்து அடித்துக்கொண்டே இருந்ததாம். எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது, சைக்கிளில் தோடம்பழப் பெட்டி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போன குணதாச என்ற மனிதர் லொறியின் கீழே கிடந்தார். இரண்டு கிழமை, பதினாலு நாள், விளக்கமறியல் சிறையில் கிடந்தார். கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை, ஒரு வருடத்துக்கு லைசன் இல்லை. அந்த ஒரு வருடமும் துறைமுகப் பக்கத்தில் மூட்டை தூக்கினார்.

பனி மூட்டம் என்று சொல்லியிருக்கலாம். சைக்கிள்காரன் குறுக்கே வந்தான் என்று சொல்லியிருக்கலாம். கேட்டுப் பார்க்கப் பிபிலைக்கு யார் போகப் போகிறார்கள்? அவர் ஒரு சாட்டும் சொல்லவில்லை. "நான்தான் குனிஞ்சன்" என்றார், அவ்வளவுதான். தன் குற்றத்தைத் தானே கொண்டுவந்து வைக்கிற மனிதன் என் தங்கையிடம் எதையும் ஒளிக்கமாட்டான் என்று நினைத்தேன். நான்தான் ஓம் என்றேன். அதில் இன்றுவரை எனக்கு மனக்குறை இல்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த மாவட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் லோட் விழுந்தால் அவருடைய கூட்டாளி றுவைஸ் நானாவிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு அதைவிடத் தூரமான ஓட்டத்தை எடுத்துக்கொள்வார். ஏன் எதற்கு என்று றுவைஸ் நானா ஒருநாளும் கேட்டதில்லை.

பொய் வந்தது ஒரு கலண்டரால். அம்ராவுக்கு ஐந்து வயது இருக்கும். எங்கேயோ கொடுத்த கலண்டரில் இலங்கைப் படம் இருந்தது, மாவட்டத்துக்கு ஒரு நிறம். வாப்பாவின் மடியில் இருந்துகொண்டு ஒவ்வொரு நிறத்திலும் விரலை வைத்துக் கேட்டாள். "இஞ்ச?" "போயிருக்கன்." "இஞ்ச?" "அஞ்சாறு தரம் போயிருக்கன்." இப்படியே தெற்கே இறங்கி, கிழக்கே திரும்பி, பெரிய பச்சை நிறம் ஒன்றில் விரல் வந்து நின்றது. அவர் அந்த விரலை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அதுக்கு மட்டும் போகல்ல மகள்" என்றார்.

நானும் றிஷானாவும் குசினியில் நின்று கேட்டோம். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் வேறு எதைச் சொல்வது? ஆனால் அவள் அதை மறக்கிற பிள்ளை இல்லை. இருபத்துநான்கு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டாள். வருடத்துக்கு வருடம் அந்தப் பெருமை வளர்ந்தது, கூடவே பொய்யும் வளர்ந்தது.

இந்த வருடம் அம்ரா நாலாம் வகுப்பு. அவளுடைய றொஷானி டீச்சர் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மாவட்டத்தைப் பற்றித் தகவல் தேடி, எழுதி, படம் ஒட்டி, பெற்றோருக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பிஸ்கட் டின்னுக்குள் மாவட்டப் பெயர்களைச் சுருட்டிப் போட்டு ஒவ்வொருவரையும் எடுக்க வைத்தார்.

அன்று பகல் அம்ரா படலையில் இருந்தே கத்திக்கொண்டு வந்தாள். ஸெய்னுதீன் அன்று வீட்டில் நின்றார், முற்றத்தில் லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா! எனக்கு மொனறாகலை! நீங்க போகாத மாவட்டம்! நான் உங்களுக்குப் படிச்சுச் சொல்லித்தாறன்!"

அவர் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பிறகு, "மாஷா அல்லாஹ், நல்லது மகள்" என்று சொல்லிவிட்டு, துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். றிஷானா என்னைப் பார்த்தாள். நான் தையல் மெஷினைப் பார்த்தேன்.

அவள் வேலையில் இறங்கிவிட்டாள். பாடப் புத்தகத்தில் இருந்து பரப்பளவு எடுத்தாள். தாயின் கைபேசியில் தேடிக் கரும்புத் தோட்டம் எடுத்தாள், சோளம் எடுத்தாள். கதிர்காமம் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று, வருடாவருடம் எங்கள் மாவட்டத்தைக் கடந்து கால்நடையாகக் கதிர்காமம் போகிற ஆட்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். பிபிலைத் தோடம்பழம் இனிப்பானது என்று எழுதி, செம்மஞ்சள் கலரால் பெரிதாக ஒரு பழம் கீறி, வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "வடிவா இருக்கு" என்றார் அவர். அன்று இராச்சாப்பாட்டில் அவர் பீங்கானில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு டீச்சர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அந்த மாவட்டத்துக்குப் போய் வந்த ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். நாலு கேள்விகள். எப்போது போனீர்கள்? அங்கே என்ன கண்டீர்கள்? யாரைச் சந்தித்தீர்கள்? மீண்டும் போக விரும்புகிறீர்களா?

அந்தத் தாளை நான் இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த நாளே நான் பள்ளிக்கூடம் போனேன். "டீச்சர், எங்கட பிள்ளைக்கு அந்த மாவட்டம் கஷ்டமாம். வேற ஏதும் மாத்திக் குடுக்க ஏலுமா?" என்று கேட்டேன். பொய் சொல்வதில் நானும் லேசுப்பட்டவள் இல்லை.

டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கஷ்டமாமோ? சீட்டு எடுத்ததும் துள்ளிக் குதிச்ச ஒரே பிள்ளை உங்கட பிள்ளைதான். உங்களுக்கு ஒண்டுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்" என்றார். அவர் சொன்னது நியாயம். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு அது அபூர்வம்.

போய் வந்த ஆளைத் தேடி அம்ரா என்னையும் இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். கடைக்காரர் போனதில்லை. மத்ரஸா ஹஸரத் போனதில்லை. "லொறி ஓடுற மாமாமாரக் கேப்பம் பெரியும்மா" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், சந்தியில் லொறிகள் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நான் அப்போதாவது அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அங்கே றுவைஸ் நானா சில்லுக்கு அருகில் குந்தியிருந்தார். அம்ரா கொப்பியை விரித்தாள்.

"மாமா, நீங்க மொனறாகலைக்குப் போயிருக்கீங்களா?"

"போகாம? மாசம் ரெண்டு தரம் போவன்." அவர் சிரித்தார். நல்ல மனிதர், கள்ளம் கபடம் இல்லாதவர். "ஆனா என்னட்ட ஏன் மகள் கேக்கிறீங்க? உங்கட வாப்பாட்டக் கேளுங்க. அவர் ரெண்டு கிழமை பிபிலைப் பக்கம் உள்ளுக்க கிடந்தவரெல்லோ. பொலிஸ், கோடு எல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி."

லொறிக்காரர் எல்லாருக்கும் தெரிந்தது வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. கொட்டியதை அள்ள முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்தில் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொன்னது போதாது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அம்ரா கொப்பியை மூடினாள். பாதி வழியில் நின்றாள்.

"பெரியும்மா, வாப்பா ஜெயிலுக்குப் போனாரா?"

"வாப்பாட்டக் கேளு மகள்."

"வாப்பா களவெடுத்தாரா?"

"இல்ல மகள், அல்லாஹ்வே, இல்ல! வாப்பாட்டக் கேளு."

அவள் யோசித்தாள். பிறகு பெரிய மனுஷி கணக்காக, "நான் கேக்க மாட்டன். கேட்டா வாப்பாக்கு வெக்கமா இருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இருபத்துநான்கு என்ற கதை இல்லை. கடைக்காரரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. மற்றப் பக்கங்களை எல்லாம் நிறம் தீட்டி முடித்தவள் கடைசித் தாளை வெறுமையாகவே வைத்திருந்தாள். ஸெய்னுதீன் அப்போது மாத்தறைக்குப் போயிருந்தார். நான் கைபேசியில் அழைத்தேன். "லொறிய ஓரமா நிப்பாட்டுங்க" என்றேன். நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன்.

லொறியின் இயந்திரம் அணைகிற சத்தம் கேட்டது. "மதினி, அவ என்னப் பாக்கிற பார்வை ஒண்டு இருக்கு. அது போயிடும்" என்றார். "கோட்டில எல்லாரும் பாத்தாங்க, தாங்கினன். ஊர் பாத்திச்சு, தாங்கினன். இவ பாத்தா என்னால ஏலாது."

"போறது போகட்டும் தம்பி. இப்ப அவ உங்களக் கள்ளனெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கா. அது உங்களுக்குச் சரியா?" என்று கேட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களில் நானும் ஒருத்தி என்ற கோபமும் அதில் இருந்தது.

பெற்றோர் வரவேண்டிய நாள் புதன்கிழமை. றிஷானாவுக்கு அன்றைக்கென்று மாமியை, ஸெய்னுதீனின் உம்மாவை, கிளினிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பயந்து ஒதுங்கினாள் என்று எனக்குத் தெரியும், ஏசவில்லை. நான் போய் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து சுவரில் தொங்கிய பெரிய படத்தில் தன் மாவட்டத்தைக் காட்டிப் பேசியது. காலி மாவட்டம் பேசியது, மன்னார் பேசியது. யாழ்ப்பாணத்தை எடுத்த பிள்ளை பாதியில் அழுதுவிட்டது. பிறகு அம்ராவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் நன்றாகச் சொன்னாள். எல்லைகளைப் பிசகாமல் சொன்னாள். கதிர்காம யாத்திரையைச் சொன்னபோது டீச்சரே கை தட்டினார். தோடம்பழத்தைச் சொல்லும்போது வகுப்பு வாசலில் நிழல் விழுந்தது. ஸெய்னுதீன். மாத்தறையில் இருந்து நேரே வந்திருக்கிறார், உடுப்பெல்லாம் சீமெந்துத் தூசு. உள்ளே வராமல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அம்ரா கண்டாள்.

"கடைசித் தாள் எங்க அம்ரா? போய் வந்த ஆளிட்டக் கேட்டனீங்களோ?" என்று டீச்சர் கேட்டார்.

அம்ரா வாசலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, டீச்சரின் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஒருத்தரும் கிடைக்கல்ல டீச்சர். எங்கட வாப்பா இருவத்தி நாலு மாவட்டத்துக்குப் போயிருக்கார். மொனறாகலைக்கு மட்டும் போகல்ல."

ஒரு சொல்லும் தடுமாறவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, தகப்பனுடைய பொய்யைத் தன் தலையில் எடுத்துவைத்துக்கொண்டு ஊர் முன்னால் நின்றது. வாசலில் நின்ற மனிதர் அதைக் கேட்ட முகத்தை நான் பார்த்தேன். கோட்டில் தீர்ப்புச் சொன்ன அன்றுகூட அவர் அப்படி நின்றிருக்கமாட்டார்.

டீச்சரிடம் சொல்லிவிட்டு அவர் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலே போனேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மதிலுக்கு வெளியே லொறி நின்றது. மூன்று பேரும் முன்னால் ஏறி இருந்தோம், பிள்ளை நடுவில்.

"அந்தத் தாளை எடுங்க மகள். நான் போயிருக்கன். கேளுங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தாளை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்தாள்.

"எப்போது போனீர்கள்?" தாளில் உள்ளபடியே வாசித்தாள்.

"ரெண்டாயிரத்திப் பன்னிரண்டு. நீங்க பிறக்க முன்ன."

எழுதினாள். "அங்கே என்ன கண்டீர்கள்?"

"தோடம்பழம். றோட்டு முழுக்க உருண்டு கிடந்திச்சு. என்ட லொறி ஒரு மனுசன்ட சைக்கிள்ல அடிச்சிட்டு மகள். அவர் பழம் விக்கப் போனவர். நான் றோட்டப் பாக்காமக் குனிஞ்சிட்டன். பிழை என்னில."

பென்சில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. எழுத்துக்கள் பெரிதாகிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

"யாரைச் சந்தித்தீர்கள்?"

"குணதாச. அவர்ட தலைய மடியில வெச்சிருந்தன். தண்ணி கேட்டார். குடுத்தன், குடிக்கல்ல. அதுக்குள்ள மௌத்தாயிட்டார்." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. "அதுக்காகத்தான் என்ன உள்ளுக்க வெச்சாங்க. களவெடுக்கல்ல மகள். உங்களுட்டச் சொல்லப் பயந்து பொய் சொன்னன். நீங்க இண்டைக்குச் சொன்ன பொய்யும் என்டதான்."

அம்ரா நாலாவது கேள்வியை வாசிக்கவில்லை. தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"அவருக்குப் பிள்ளையள் இருந்ததா?"

"ஒரு மகள். கோட்டுக்குத் தாயோட வந்தவ. அப்ப உங்களளவு இருப்பா."

அதை அவள் எழுதவில்லை. பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இறங்கி வகுப்புக்குப் போய்விட்டாள். ஸெய்னுதீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது கேள்விக்குக் கீழே வெறுமையாக விட்டபடியே அவள் அந்தத் தாளை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் அதை வாசித்துவிட்டு, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மனுஷி மீது எனக்கு மரியாதை கூடியது.

வீட்டில் மூன்று நாள் அம்ரா வாப்பாவோடு பேசவில்லை. கோபம் இல்லை. அவர் தேத்தண்ணீர் குடிக்கும்போது தூணுக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் திரும்பினால் போய்விடுவாள். அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். பழைய பார்வை போய்விட்டது. இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அனுராதபுரத்துக்கு ஓட்டம். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு லொறியை எடுக்கப் போனார். றிஷானா சோற்றுப் பார்சலைக் கொடுத்தாள். அவர் ஏறி இருந்து, வீட்டுக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு இயந்திரத்தைப் போட்டார். அப்போதுதான் அம்ரா தூங்கி எழுந்த தலையோடு முற்றத்தில் ஓடிவந்தாள். லொறிப் படியில் ஏறி, கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா."

"ஓம் மகள்?"

"இந்த நேரம் றோட்டில சைக்கிள்ல ஆக்கள் வருவாங்க. பாத்துப் போங்க."

அவர் தலையை ஆட்டினார். அவள் கையைப் பிடித்துக் கொஞ்சினார். அவள் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டு வருகிற இடம்வரை அந்தப் பெரிய லொறி நடந்துபோகிற மனிதனின் வேகத்தில்தான் போனது.